ஃபியூஸில் கோப்பு முறைமை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய கேச் தவறுகள்

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் கைவைக்காமலேயே, சாதாரண நிரலாக ஒரு கோப்பு முறைமையை எழுதிவிட ஃபியூஸ் (FUSE) வழி தருகிறது. 2005-இல் வந்த 2.6.14 பதிப்பிலிருந்தே அது கர்னலோடு சேர்ந்து வருகிறது. சில நூறு வரிகளில், பைத்தானில்கூட, முதல் வடிவம் ஓடத் தொடங்கிவிடும். சிக்கல்கள் அதற்குப் பிறகுதான் தலைகாட்டும். சர்வரில் மாறிய கோப்பு இங்கே பழையதாகவே தெரியும், கோப்பின் நடுவில் சுழியங்கள் நுழைந்திருக்கும், சேமித்ததாகச் சொன்ன கோப்பு போய்ச் சேர்ந்திருக்காது. தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் வேர் ஒன்றுதான். ஒரே தரவின் ஒரு நகல் கர்னலின் பேஜ் கேச்சில் (கோப்புத் தரவைப் பக்கம் பக்கமாக நினைவகத்தில் வைத்திருக்கும் இடம்) இருக்கிறது, இன்னொன்று உங்கள் டீமனிடம் (பின்னணியில் ஓடும் உங்கள் கோப்பு முறைமை நிரல்) இருக்கலாம், மூலம் வட்டிலோ சர்வரிலோ இருக்கிறது. எந்த நேரத்தில் எதை நம்புவது என்று முடிவு செய்யாமலேயே நிரலை எழுதத் தொடங்கிவிடுகிறோம்.

படிப்பதிலிருந்து பார்ப்போம். பயனர் நிரல் செய்யும் ஒவ்வொரு ரீட் அழைப்பும் டீமனுக்கு வரும் என்று எண்ண வேண்டாம். பேஜ் கேச்சில் இருந்தால் கர்னலே கொடுத்துவிடும். மறுபுறம், யாரும் கேட்காத பகுதிகளையும் கர்னலின் ரீட்அஹெட் வசதி முன்கூட்டியே கேட்கும். ஆகவே ரீட் கோரிக்கைகளை எண்ணி யார் எவ்வளவு படித்தார் என்று கணக்கு எழுதினால் அது தப்பாகத்தான் இருக்கும்.

கோப்பை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதன் பழைய பக்கங்களைக் கர்னல் எறிந்துவிடுவதுதான் இயல்பு. ‘கீப் கேச்’ கொடியைப் போட்டால் அவை அப்படியே இருக்கும், வேகச் சோதனையில் எண்களும் அழகாக வரும். அந்த அழகுக்காக மட்டும் அதைப் போடாதீர்கள். தரவை உங்கள் டீமன் மட்டுமே மாற்றும் என்றால் தாராளமாகப் போடலாம். வேறொருவர் சர்வரில் மாற்றக்கூடும் என்றால், கோப்பின் அளவையும் மாற்றிய நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ‘ஆட்டோ கேச்’ பாதுகாப்பானது. அதற்கும் எல்லை உண்டு: நேரத்தை முழு வினாடிகளில் மட்டும் சொல்லும் சர்வரில், அளவு மாறாமல் அதே வினாடிக்குள் நடந்த திருத்தம் அதன் கண்ணில் படாது. சர்வரே மாற்றத்தை அறிவிக்கும் என்றால், அந்தக் கோப்பின் கேச்சை நீக்கும்படி கர்னலுக்குச் சொல்லும் அழைப்பு இருக்கிறது. அதைத் தனி த்ரெட்டிலிருந்து அழையுங்கள். அதே கோப்பின் கோரிக்கைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழைத்தால், ஒன்றுக்கொன்று காத்து இரண்டும் நின்றுபோகும் டெட்லாக் ஆகிவிடலாம்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் ஆபத்தானது அரைகுறை ரீட்தான். சாதாரண நிரலில் ரீட் கேட்டதைவிடக் குறைவாகத் தந்தால் மறுபடி கேட்டுக்கொள்வோம், அது தவறே அல்ல. ஃபியூஸ் டீமன் அப்படிக் குறைத்துத் தரக் கூடாது. பேஜ் கேச் வழியாக வரும் கோரிக்கைக்கு, கோப்பு முடியும் இடம் தவிர மற்ற எங்கும் கேட்ட பைட்டுகளை முழுவதும் தர வேண்டும். சாக்கெட்டில் அந்த நொடியில் வந்த 40 கேபியை மட்டும் 128 கேபி கோரிக்கைக்குப் பதிலாக அனுப்பினால், மீதி இடம் சுழியங்களால் நிரம்பலாம். பிழைச் செய்தி எதுவும் வராது. கேட்ட அளவு சேரும்வரை லூப் போட்டு நிரப்புங்கள், முடியாவிட்டால் பிழையைத் திருப்புங்கள்.

அளவைக் கர்னல் நம்புகிறது என்பதையும் மறந்துவிடுகிறோம். உடனுக்குடன் உருவாகும் கோப்புக்கு அளவு 0 என்று சொன்னால், கோப்பின் உள்ளடக்கத்தைக் காட்டும் கேட் (cat) கட்டளை வெறுமையையே காட்டும். அந்தக் கோப்புக்கு, பேஜ் கேச்சைத் தாண்டி நேராக டீமனிடம் கேட்க வைக்கும் ‘டைரக்ட் ஐஓ’ கொடியைப் போட வேண்டும். ஆனால் மவுண்ட் முழுவதற்கும் அதைப் போடுவது வேறொரு தவறு. பகிர்ந்த எம்மேப் (mmap, கோப்பைப் பல நிரல்களின் நினைவகத்தில் பொதுவாகப் பொருத்துவது) அதில் இயல்பாகக் கிடைக்காது, அதை நம்பியிருக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தின் வால் (WAL) முறை தடுமாறும். 6.6 கர்னலிலிருந்து, டீமன் கேட்டுக்கொண்டால் டைரக்ட் ஐஓவிலும் பகிர்ந்த எம்மேப்புக்கு அனுமதி கிடைக்கும்.

எழுதும் பக்கத்தில், 3.15 கர்னலில் வந்த ‘ரைட்பேக் கேச்’ சிறுசிறு ரைட்களைக் கர்னலில் சேர்த்துவைத்துப் பிறகு மொத்தமாக அனுப்புகிறது. வேகம் நன்றாகக் கூடும். ஆனால் அதை இயக்கிய நொடியிலிருந்து கோப்பின் அளவுக்கும் மாற்றிய நேரத்துக்கும் கர்னல் சொல்வதுதான் கணக்கு. சர்வரில் பிறரும் மாற்றும் கோப்புகளுக்கு அது பொருந்தாது. இன்னொன்று, எழுத மட்டும் திறந்த கோப்புக்கும் ரீட் கோரிக்கை வரும், ஏனென்றால் பாதிப் பக்கத்தை நிரப்பக் கர்னலுக்குப் பழைய தரவு வேண்டும். எனவே பின்னாலுள்ள கோப்பைப் படிக்கவும் எழுதவும் சேர்த்தே திறங்கள். கோப்பின் முடிவில் மட்டும் எழுதச் சொல்லும் அப்பெண்ட் கொடியையும் எடுத்துவிடுங்கள், எழுத வேண்டிய இடத்தைக் கர்னலே கணக்கிட்டுத் தருகிறது.

குளோஸ் செய்யும்போது நடப்பதைப் புரிந்துகொள்ளாமல் தரவை இழந்தவர்கள் பலர். ஒவ்வொரு குளோஸுக்கும் டீமனுக்கு ஃப்ளஷ் என்ற கோரிக்கை வருகிறது. திறந்த கோப்பைக் குறிக்கும் எண்ணான டிஸ்கிரிப்டரை டூப் (நகல்) செய்திருந்தால் ஒரே திறப்புக்குப் பல ஃப்ளஷ்கள் வரும். ரிலீஸ் என்ற கோரிக்கை கடைசியாக ஒருமுறைதான் வரும், அதில் நீங்கள் திருப்பும் பிழை யாருக்கும் போய்ச் சேராது. அப்லோடை ரிலீஸில் வைத்தால், கோப்பை நகலெடுக்கும் சிபி (cp) கட்டளை வெற்றி என்று சொல்லிப் போன பிறகு அப்லோடு தோற்கலாம். அதை ஃப்ளஷிலும், தரவை நிலையாகச் சேமிக்கச் சொல்லும் எஃப்சிங்க்கிலும் (fsync) வையுங்கள். பிறகு அனுப்பத்தான் வேண்டும் என்றால் வட்டில் நிலையான நகல் வைத்து, மறுதொடக்கத்துக்குப் பின்னும் தொடருங்கள். பயனருக்கும் அதைச் சொல்லிவிடுங்கள். எதுவும் செய்யாமல் எஃப்சிங்க்குக்கு 0 திருப்புவதை ஒருபோதும் ஏற்க முடியாது. அந்த ஒரு பதிலை நம்பித்தான் தரவுத்தளங்கள் தங்கள் பரிவர்த்தனை முடிந்தது என்று அறிவிக்கின்றன.

உள்ளூர் வட்டிலுள்ள கோப்பையே திருப்பித் தரும் டீமன் என்றால், ஒரே தரவு இரண்டு பேஜ் கேச்களில் இடம் பிடிக்கும். 6.9 கர்னலில் வந்த பாஸ்த்ரூ வசதி, படிப்பதையும் எழுதுவதையும் நேராக அடிக் கோப்புக்கு அனுப்பி இதைத் தவிர்க்கிறது.

சோதிக்கும்போது ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் கர்னலின் டிராப் கேச்சஸ் (drop_caches) அமைப்பு மூலம் கேச்சைக் காலி செய்யுங்கள், இல்லையென்றால் அளப்பது கர்னலின் வேகத்தைத்தான். ரீட், ரைட், எம்மேப், ட்ரங்கேட் (கோப்பின் அளவை மாற்றுவது) நான்கையும் தாறுமாறாகக் கலந்து அடிக்கும் எஃப்எஸ்எக்ஸ் (fsx) சோதனை நிரலை ஒரு இரவு முழுக்க ஓடவிடுங்கள். அது ஓடும்போதே இன்னொரு கோப்பைச் சர்வர் பக்கமிருந்து, அளவு மாறாமல், திருத்திவிட்டு மவுண்டில் படித்துப் பாருங்கள்.