டாலமைட் பொடியில்தான் பொங்கும்

சென்னையிலிருந்து அரியலூர்ப் பக்கம் ஃபீல்டுக்குக் கிளம்பும் நிலவியல் மாணவர்கள் சுண்ணாம்புக்கல்லையும், பார்க்க அதே மாதிரி இருக்கும் டாலமைட்டையும் (கால்சியம் மெக்னீசியம் கார்பனேட் கல்) பிரித்தறியக் கொண்டுபோகும் ஆசிட் பாட்டிலை வெயிலில் வைக்கவே கூடாது. சூடேறிய ஆசிட்டில் டாலமைட்டும் சுண்ணாம்புக்கல் மாதிரியே பொங்கிவிடும். மே மாத வெயிலில் பலர் ஏமாறுவது இங்கேதான்.

9 பங்கு தண்ணீரில் 1 பங்கு அடர் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை மெல்ல ஊற்றுங்கள். மாற்றி ஊற்றினால் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். கல்லைச் சுத்தியலால் உடைத்து, புது முகத்தில் ஒரு சொட்டு விடுங்கள். உடனே நுரைத்துச் சீறினால் கால்சைட், அதாவது சுண்ணாம்புக்கல்லின் முக்கியக் கனிமம். சும்மா கிடந்தால் கத்தியால் சுரண்டி, அந்தப் பொடியில் இன்னொரு சொட்டு. பொடியைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழிகள் மெதுவாகக் கிளம்பினால் டாலமைட். பொடியாக்கும்போது ஆசிட் படும் பரப்பு கூடுவதால்தான் இந்த வித்தியாசம்.

டாலமைட்டுக்குள் வெள்ளைக் கோடாக ஓடும் கால்சைட் நரம்பில் சொட்டு விழுந்தால் முடிவு தலைகீழாகும். அதனால் நாலைந்து இடத்தில் பாருங்கள்.

சந்தேகம் தீராவிட்டால் லேபில் அலிசரின் ரெட் எஸ் சாயம் போடுங்கள்: 0.2% குளிர்ந்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் 0.1% சாயம். கால்சைட் சிவக்கும், டாலமைட் நிறம் மாறாது. இரண்டும் கலந்த கல்லுக்கு இதைவிட நம்பகமான எளிய வழி இல்லை.