பாலைநிலத்தில் நேரில் எண்ணெய்வண்ணம் தீட்டுதல்

அமெரிக்க ஓவியர் ஃப்ரெடரிக் சர்ச் 1868-இல், இன்றைய ஜோர்தானில் பாறையைக் குடைந்து அமைந்த பழைய நகரமான பெட்ராவுக்குச் சென்று தீட்டிய சிறு முன்வரைவுகளைத் துணையாகக் கொண்டே, 1874-இல் அந்நகரின் பாறைமுகப்பைப் பெரிய ஓவியமாக முடித்தார். அவ்வாறு நேரில் தீட்ட விரும்புவோர், ஓர் அடிக்கு மேற்படாத, முன்னரே வெளிர்காவி பூசி உலர்த்திய அட்டையை எடுத்துச் செல்வது நல்லது. வெள்ளைப் பரப்பு வெயிலில் கண்ணைக் கூசச் செய்து, நிறத்தை மதிப்பிட விடாது.

நிழல் நீண்டிருக்கும் காலையிலோ மாலையிலோ தொடங்கி, முதலில் நிழல்களின் வடிவத்தை மெல்லிய பூச்சில் அடைத்துவிட வேண்டும். நகர்ந்துவிட்ட நிழலைத் துரத்தித் திருத்துவதுதான் பலரும் செய்யும் பிழை. மணற்கல் சுவரின் நிழல் கறுப்பன்று: மேல்நோக்கிய பரப்புகள் வானின் நீலத்தையும், வளைவுகளின் அடிப்பகுதிகள் வெயில்பட்ட தரையின் செம்மஞ்சளையும் வாங்கிக்கொள்கின்றன. மஞ்சள்காவி, செங்காவி, அல்ட்ராமரீன் நீலம், வெள்ளை ஆகியவையே பெரும்பாலும் போதும். ஈரப்பூச்சில் மணல் ஒட்டினால் துடைக்காமல், உலர்ந்தபின் தட்டிவிடுங்கள்.