விளக்கு அணைந்தாலும் மேடே சொல்ல: ஒலிப்பதிவில் ஒரு பயிற்சி

கப்பலின் வி.எச்.எஃப். வானொலிக் கருவிக்குப் பக்கத்தில், உயிராபத்தில் உதவி கேட்கும் மேடே அழைப்பை அச்சடித்து ஒட்டியிருப்பார்கள். கரும்புகையில் அந்தத் தாளை யார் படிப்பது? அதனால் புதிதாகக் கப்பல் ஏறும் பையன்களுக்கு நான் காதுவழியாகத்தான் சொல்லித் தருகிறேன். ஒரு செல்போன் போதும்.

முதல் பதிவில் முழு அழைப்பும் வரட்டும். "மேடே" மூன்று தடவை, "திஸ் ஈஸ்", கப்பல் பெயர் மூன்று தடவை, கால் சைன் (கப்பலின் வானொலி அழைப்புக் குறி), எம்.எம்.எஸ்.ஐ. எண் (கப்பலின் ஒன்பது இலக்க வானொலி அடையாள எண்). மறுபடி ஒரு மேடே, கப்பல் பெயர். அப்புறம் இருக்கும் இடம், என்ன ஆபத்து, என்ன உதவி வேண்டும், எத்தனை பேர் இருக்கிறோம், கடைசியில் "ஓவர்". ஒவ்வொரு துண்டும் முடிந்ததும், கேட்பவர் அதைத் திருப்பிச் சொல்லுமளவுக்கு இடைவெளி விடுங்கள். அவசரப்பட்டு அந்த இடைவெளியைச் சுருக்கிவிடாதீர்கள்.

எண்களில் கூடுதல் கவனம் வேண்டும். தூத்துக்குடிப் பையன் ஒருவன், நன்றாக ஆங்கிலம் படிப்பான். என் பதிவில் "ஃபிஃப்டீன்" என்று வந்ததை மூன்று தடவையும் 50 என்றே எழுதினான். தப்பு என்னுடையது. சர்வதேச கடல்சார் அமைப்பு 2001-இல் ஏற்ற சொற்றொடர்த் தொகுப்பு, எண்ணை இலக்கம் இலக்கமாகச் சொல்லச் சொல்கிறது. "ஒன் ஃபைவ்" என்று மாற்றிப் பதிந்தேன்; உடனே 15 என்று எழுதினான்.

அடுத்த பதிவை எஞ்சின் அறை வாசலில் நின்று எடுங்கள், இரைச்சலோடு. குரலையும் மாற்றுங்கள். பிலிப்பைன்ஸ் போசன் (தளத்து மாலுமிகளின் தலைவர்), உக்ரைன் சீஃப் எஞ்சினியர், யார் கிடைத்தாலும் பேச வையுங்கள். 1990-இல் ஸ்காண்டிநேவியன் ஸ்டார் என்ற பயணிகள் கப்பல் எரிந்து 159 பேர் இறந்தபோது, ஊழியர்கள் பலருக்குப் பயணிகளோடு பேச மொழி இல்லை. பல நாட்டு ஆட்களோடு கடலில் இருக்கும் எனக்கு அது மறப்பதில்லை. புரியாத இடத்தில் "சே அகெய்ன்" (மறுபடி சொல்லுங்கள்) என்று கூச்சப்படாமல் கேட்கவும் பழக்குங்கள்.

ஒரு வாரம் கேட்டபின் பேச விடலாம். ஆனால் நிஜக் கருவியில் வேண்டவே வேண்டாம். ஆபத்து அழைப்புக்கான சேனல் 16-இல் பொய்யாக ஒரு மேடே போனால் தேடலே தொடங்கிவிடும். பேட்டரி கழற்றிய வாக்கி டாக்கியைக் கையில் கொடுத்து, விளக்கை அணைத்துவிடுங்கள். பொத்தானை அழுத்தி, ஒரு நொடி பொறுத்து, அப்புறம் வாயைத் திறக்க வேண்டும். பொறுக்காவிட்டால் முதல் "மேடே" பாதியில் வெட்டுப்படும்.