விரலில் 98 காட்டினால் எல்லாம் சரியா?

போன மார்கழியில் ஒரு காலை, ஊட்டி வீட்டில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சதவீதத்தில் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரைப் பாட்டியின் விரலில் மாட்டினோம். 84! வீடே பதறியது. பாட்டியோ காபி ஆறிவிட்டதென்று எங்களைத் திட்டிக்கொண்டிருந்தார். கையைக் கம்பளிக்குள் வைத்துச் சூடேற்றிவிட்டுப் பார்த்தால் 94.

கருவியில் கோளாறு இல்லை. சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே அனுப்பி, துடிப்புக்குத் துடிப்பு மாறும் ரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அது கணக்குப் போடுகிறது. 1970-களில் ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அவோயாகி கண்ட வழி. குளிரில் ரத்தக் குழாய் சுருங்கினால் துடிப்பு சரியாகச் சிக்காது, கணக்கும் தப்பும். சில்லிட்ட விரலை நம்பாதீர்கள். நகப்பூச்சு, நடுக்கம், நேர் வெயில் இவையும் கெடுக்கும்.

மலையடிவார மேட்டுப்பாளையத்தில் காட்டும் எண்ணை ஊட்டியில் எதிர்பார்ப்பதும் தவறுதான். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான்; நல்ல உடம்புக்காரருக்கும் சற்றுக் குறைவாகக் காட்டலாம். நோயில்லாத நாளில் பார்த்துக் குறித்து வையுங்கள். அதற்காக, மூச்சு வாங்கும்போது 'மலையில் இப்படித்தான்' என்று இருந்துவிடக் கூடாது.

தோல் நிறமும் ஒரு விஷயம். 2020-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், கருவி கண்டுபிடிக்கத் தவறிய ஆக்சிஜன் குறைபாடு வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. கருவியை யார் மேல் சோதித்தார்களோ அவர்களில் கருத்த தோலுக்காரர்கள் குறைவாக இருந்தால் வேறென்ன ஆகும்? நம் ஊர்ப் பொறியியல் மாணவர்கள் இந்த இடத்தில் கை வைக்கலாம்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் கரி அடுப்பைப் பற்றித்தான். குளிருக்குக் கதவைச் சாத்தி, அறைக்குள் கரி எரித்தபடி தூங்குவது இங்கேயும் கொடைக்கானலிலும் உயிரைக் குடித்திருக்கிறது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு வாயு, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டியதையும் சாதாரண ஆக்சிமீட்டர் ஆக்சிஜன் என்றே எண்ணும். ஆள் மயங்கிக் கிடப்பார், திரை 98 என்று சொல்லும். எண்ணைப் பார்க்காமல் முதலில் ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐக் கூப்பிடுங்கள். அப்புறம் டாக்டரிடம் "அறையில் கரி எரித்தோம்" என்று மறக்காமல் சொல்லுங்கள். அந்த வாயுவை ரத்தத்தில் தனியாக அளக்கச் சொல்ல அவருக்கு அது தெரிய வேண்டும்.