பள்ளியின் கடைசி ஆண்டுகளுக்கு எந்த மேம்பட்ட பாடத்திட்டம்? தேர்ந்தெடுக்கும் முறை

ஐபி டிப்ளமோ (இன்டர்நேஷனல் பாக்கலாரியேட் எனும் பன்னாட்டுப் பள்ளித் திட்டம்), ஏபி (அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட் எனும் அமெரிக்கக் கல்லூரிநிலைப் பாடங்கள்), ஏ லெவல் (பிரிட்டிஷ் முறைப் பள்ளியிறுதிப் படிப்பு), பள்ளியில் இருந்தபடியே கல்லூரிப் பாடங்களைப் படிக்கும் இரட்டைச் சேர்க்கை எனப் பல வழிகள் முன்னால் இருக்கும்போது, பெற்றோர் முதலில் கேட்பது, இவற்றுள் எது உயர்ந்தது என்பதுதான். அக்கேள்விக்கு விடை தேடுவதைவிட, மாணவர் எந்த நாட்டில், எந்தத் துறையில் பட்டம் படிக்க எண்ணுகிறார் என்பதிலிருந்து பின்னோக்கி வருவதே பயன் தரும்.

எனவே முதல் வேலை, விரும்பும் நான்கைந்து பல்கலைக்கழகங்களின் சேர்க்கைப் பக்கங்களைத் திறந்து, குறிப்பிட்ட துறை கேட்கும் பாடங்களையும் மதிப்பெண்களையும் எழுதி வைத்துக்கொள்வது. பாடத்திட்டத்தின் பெயரைவிட அதற்குள் எடுக்கும் பாடங்களே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன. ஐபியின் கணிதத்தையே பார்க்கலாம். 2019 முதல் அதில் 'அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ்', 'அப்ளிகேஷன்ஸ் அண்ட் இன்டர்ப்ரடேஷன்' என இரண்டு பாடங்கள் உள்ளன. இரண்டுமே ஹையர் லெவல், ஸ்டாண்டர்ட் லெவல் என இரு நிலைகளில் கற்பிக்கப்படுகின்றன. பொறியியல் துறைகள் சில முதலாவதை, அதுவும் ஹையர் லெவலில் மட்டுமே ஏற்கின்றன. பதினாறு வயதில், எளிதாக இருக்கும் என்று இரண்டாவதைத் தேர்ந்த மாணவருக்கு, எவ்வளவு நல்ல மதிப்பெண் இருந்தாலும் அந்தக் கதவு திறக்காது.

அடுத்து, ஒவ்வொரு திட்டமும் மாணவரின் நேரத்தை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். ஏ லெவலில் வழக்கமாக மூன்று அல்லது நான்கு பாடங்களை ஆழமாகப் படிப்பார்கள். துறையை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவருக்கு அது பொருந்தும். மனம் இன்னும் அலைபாயும் மாணவருக்கு அது சீக்கிரமே வாசல்களை அடைத்துவிடலாம். ஏபியில் பாடங்களைத் தனித்தனியாக எடுக்கலாம். வலுவான இரண்டு பாடங்களோடு நிறுத்திக்கொள்ளவும் முடியும். வகுப்பில் சேராமல், மே மாதத் தேர்வை மட்டும் எழுதவும் வழியுண்டு. மதிப்பெண் 1 முதல் 5 வரை.

ஐபி டிப்ளமோ அப்படியன்று. ஆறு பாடங்கள், அவற்றுள் குறைந்தது மூன்று ஹையர் லெவலில், அவற்றோடு 4,000 சொற்கள் வரையிலான ஆய்வுக் கட்டுரை, அறிவுக் கோட்பாட்டுப் பாடம், கலை, உடற்பயிற்சி, சமூகப்பணி சார்ந்த செயல்பாடுகள் என எல்லாம் ஒரே கட்டாகவே வரும். மொத்தம் 45 மதிப்பெண். டிப்ளமோ பெறக் குறைந்தது 24 வேண்டும், வேறு சில நிபந்தனைகளும் உண்டு. கடினம் பாடங்களில் மட்டும் இல்லை. இரண்டாம் ஆண்டில் ஆய்வுக் கட்டுரையும், ஒவ்வொரு பாடத்துக்குமான உள்மதிப்பீட்டுப் பணிகளும், பல்கலைக்கழக விண்ணப்பங்களும் அடுத்தடுத்து வந்து குவிகின்றன. கடைசி நாள்வரை தள்ளிப்போடும் பழக்கமுள்ள மாணவர் புத்திசாலியாக இருந்தாலும் இங்கே திணறுவார். முழு டிப்ளமோவுக்குப் பதிலாக ஐபியின் தனிப்பாடங்களை மட்டும் எடுக்கப் பள்ளி அனுமதிக்கிறதா என்றும் கேட்டுப் பார்க்கலாம். பலருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரிவதில்லை.

இரட்டைச் சேர்க்கையில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது: அங்கு வாங்கும் கிரேடு கல்லூரியின் நிரந்தரப் பதிவில் ஏறிவிடும். அங்கு பெறும் கிரெடிட்டை, அதாவது பட்டத்துக்கான கணக்கில் சேரும் பாட அலகை, வேறு பல்கலைக்கழகம் ஏற்குமா என்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விருப்பம். ஏபி, ஐபி மதிப்பெண்களுக்கும் இது பொருந்தும்; சில இடங்களில் கிரெடிட் கிடைக்கும், சில இடங்களில் முதலாண்டுப் பாடத்தைத் தாண்டிச் செல்ல மட்டும் அனுமதி கிடைக்கும், சில இடங்களில் எதுவும் கிடைக்காது. ஆகவே கட்டணம் மிச்சமாகும் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு திட்டத்தில் சேர்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிறகு பள்ளிக்குச் செல்லுங்கள். வண்ணக் கையேட்டில் இருபது பாடங்கள் அச்சாகியிருக்கலாம்; வரும் ஆண்டில் அவற்றுள் எவை உண்மையில் நடக்கும், இயற்பியலும் பொருளாதாரமும் கால அட்டவணையில் மோதிக்கொள்ளுமா, அந்தப் பாடத்தை நடத்துபவர் எத்தனை ஆண்டுகளாக நடத்துகிறார் என்று கேளுங்கள். முதலிடம் பெற்றவரின் மதிப்பெண் உங்களுக்கு உதவாது. பாடவாரியாக எல்லா மாணவர்களின் மதிப்பெண் பரவலையும் கேட்டு வாங்குங்கள். இதைத் தரத் தயங்கும் பள்ளியைப் பற்றி நீங்களே ஒரு முடிவுக்கு வரலாம். பல்கலைக்கழகங்கள் முன்மதிப்பீட்டு மதிப்பெண்களை (இறுதித் தேர்வுக்கு முன் ஆசிரியர்கள் கணித்துத் தருபவை) வைத்து இடம் தரும் நாடுகளுக்கு விண்ணப்பிப்பதானால், அவற்றைப் பள்ளி எப்போது, எதன் அடிப்படையில் தருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

கையெழுத்திடும் முன், மாணவர் எடுக்க நினைக்கும் ஒவ்வொரு பாடத்திலும் ஒரு பழைய வினாத்தாளை அவர் முன் வைத்துப் பாருங்கள். விடை தெரியாவிட்டால் பரவாயில்லை. இந்த வகைக் கேள்வியோடு இரண்டு ஆண்டுகள் மல்லுக்கட்ட அவருக்கு விருப்பமா என்பதையே கவனிக்க வேண்டும். கூடவே, பாடத்தையோ நிலையையோ மாற்றிக்கொள்ளப் பள்ளி எந்தத் தேதிவரை அனுமதிக்கிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.