குவாங்ஜாங் சந்தைக்குச் செல்பவர்கள் கவனத்திற்கு

சியோல் நகரில் 1905ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட குவாங்ஜாங் சந்தைக்குச் செல்ல விரும்புவோர், மெட்ரோவின் முதலாம் வழித்தடத்தில் ஜோங்னோ 5-கா நிலையத்தில் இறங்கினால் நடந்தே சென்றுவிடலாம். துணிக்கடைகள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் மூடியிருக்கும் என்பதால், பட்டுத் துணிகளையும் கொரிய மரபுடையான ஹான்போக்கையும் பார்க்க நினைப்பவர்கள் வார நாளில் பகல்பொழுதிலேயே செல்வது நல்லது. உணவுக் கடைகள் இரவிலும் திறந்திருக்கும். ஊறவைத்த பாசிப்பயறைத் திரிகையில் அரைத்து, எண்ணெயைத் தாராளமாக விட்டுக் கண்ணெதிரே சுட்டுத் தரும் பிந்தேத்தொக், பார்வைக்கு நம் அடையைப் போலவே இருந்தாலும் (மணமும் ஏறக்குறைய அப்படித்தான்), அதில் பன்றி இறைச்சி கலந்திருக்கக்கூடும். ஆகவே, சைவ உணவு உண்பவர்கள் கேட்டறிந்த பின்னரே வாங்க வேண்டும். சிறு கடைகளில் கொடுப்பதற்குச் சில்லறை வோன் நோட்டுகளைக் கையில் வைத்துக்கொள்வது வசதியாக இருக்கும்.