டெக்னிக்கல் ரைட்டிங் படித்துவிட்டு விற்பனைக்குப் போகிறவர்களுக்கு

நிறுவனங்களுக்கு விற்கும் வேலையில் இந்தப் படிப்பு முதலில் கைகொடுப்பது ப்ரொபோசல் எனும் விற்பனை முன்மொழிவில்தான். வாங்கும் நிறுவனம் தன் தேவைகளைச் சொல்லி ப்ரொபோசல் கேட்கும் ஆவணமான ஆர்எஃப்பி வந்ததும் பதில் எழுத உட்காராதீர்கள். அதிலுள்ள ஒவ்வொரு நிபந்தனையையும் எக்செல்லில் தனி வரியாக்கி, எதிரே ‘முடியும், பாதி முடியும், முடியாது’ என்று குறியுங்கள். கட்டாய நிபந்தனை ஒன்று விடுபட்டாலும் வாங்குபவர் விலையைப் பார்க்காமலே உங்கள் ப்ரொபோசலை நிராகரித்துவிடலாம்.

முதல் பக்கச் சுருக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள். வாங்குபவரின் சிக்கல் முதல் வரியிலேயே வரட்டும். உங்கள் கம்பெனி வரலாற்றை யாரும் கேட்கவில்லை. நிதி அதிகாரிக்குச் செலவும் மிச்சமும், பொறியாளருக்கு ஏற்கெனவே உள்ள அமைப்புகளோடு இணைக்கும் விவரங்களும் தனித்தனிப் பகுதிகளில் இருக்கட்டும். கலந்து எழுதினால் இருவருமே பாதியில் விட்டுவிடுவார்கள்.

மென்பொருளை இயக்கிக்காட்டும் டெமோவில் பலர் சறுக்குவது மெனு வரிசைப்படி காட்டுவதால்தான். வாடிக்கையாளர் தினமும் செய்யும் வேலை ஒன்றை எடுத்து, தொடக்கம் முதல் முடிவுவரை செய்துகாட்டுங்கள்.

விற்பனை வேலைக்கான நேர்காணலுக்கு, உங்கள் எழுத்தின் மாதிரியாக யூசர் மேனுவல் வேண்டாம். 2 பக்க மாதிரி ப்ரொபோசல் போதும்.